அரைமணியும் கால்மணியும்

மஞ்ச லைட்டு எரிஞ்சுதா? எரிஞ்சுது. இல்ல, வெயில் பட்டிருக்கும். எங்கடி வெயில், ஏழு மணிகூட ஆகல, குன்னூர்ல இருந்து மூடுபனி எங்க கூடவே எறங்கி வருது, இதுல வெயிலாம் வெயில். எரிஞ்சுதான் அணைஞ்சுது. ஸ்டியரிங் படம் போட்டு பக்கத்துல ஆச்சரியக்குறி போட்ட அந்தச் சின்ன மஞ்ச லைட்டு, மீட்டருக்கு எடது ஓரத்துல, ஒரே ஒரு தடவ, டக்குனு. டிரைவர் போஜன் அண்ணன் அதப் பாத்தாரான்னு தெரியல. அவருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற என் வீட்டுக்காரர் தணிகை கண்டிப்பாப் பாத்திருக்க மாட்டாரு, அவருக்குக் காருன்னா ஏசி வேலை செய்யணும், பாட்டுப் பாடணும், அவ்வளவுதான். எம் பொண்ணு மகி மடியில தலைய வெச்சுத் தூங்குறா. ஏழு வயசு, வாய் லேசாத் தெறந்திருக்கு, எச்சி என் சுடிதார்ல ஊறுது. அவ தலைக்கு அடியில இருக்கிற என் கை மரத்துப் போய் அரைமணி ஆச்சு, ஆனா எடுக்க மாட்டேன், வளைவுல கதவுல தலை இடிச்சுக்குவா. அடிப் பாவி, கார் பள்ளத்துல போயிரும்னு நடுங்குறவ, தலை இடிக்கிறதுக்கா கவலைப்படுற? வாயக் கழுவு. போயிரும்னு யாரு சொன்னா. லைட்டுதான எரிஞ்சுது. எத்தனையோ காரணம் இருக்கும், பேட்டரி சோர்ந்திருக்கும், ஒயர்ல ஈரம் எறங்கியிருக்கும். இருக்காது. எனக்குத் தெரியும். இந்த மாடல் கார்ல ஏறவே கூடாதுன்னு மூணு வருஷமா வைராக்கியமா இருக்கேன், புக் பண்ணி இந்தக் கார் வந்து நின்னா கேன்சல் பண்ணிருவேன், ஏன்னு கேட்டா சீட்டு முதுகக் குத்துதுன்னு சொல்வேன், உனக்கு மட்டும் எப்படித்தான் குத்துதோ மகாராணிக்குன்னு தணிகை கிண்டல் பண்ணுவாரு. மேல வர்றப்ப மலை ரயில்ல வந்தோம். எறங்குறதுக்கு ரயில்ல எடம் கெடைக்கலைன்னு இவரே லாட்ஜ்ல சொல்லி வண்டி வரச் சொல்லிட்டாரு. காலைல வாசல்ல வந்து நிக்குது, வெள்ளையா, மேல பனித்தண்ணி முத்து முத்தா, இதே மாடல். கொழந்தையத் தூக்கிட்டு இவரு பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டாரு. நான் என்னன்னு சொல்வேன்? இந்தக் காரோட ஸ்டியரிங்க லேசாச் சுத்த வெக்கிற எலக்ட்ரானிக் போர்டு எங்க கம்பெனியில செஞ்சதுங்க, அது பத்து வருஷம் தாங்கும்னு சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது உங்க பொண்டாட்டிங்க, அந்தச் சோதனை சரியாப் பண்ணலீங்கன்னு லாட்ஜ் வாசல்ல நின்னு சொல்லவா? வாயத் தெறந்தேன். "ஸ்வெட்டர் எடுத்தாச்சா?"ன்னு கேட்டேன்.

"அண்ணா, இப்ப ஏதோ லைட்டு எரிஞ்ச மாதிரி இருந்துச்சே." கேட்டுட்டேன். குரல் எனக்கே கீச்சுன்னு கேட்டுச்சு. போஜன் அண்ணன் கண்ணாடில என்னப் பாத்துச் சிரிச்சாரு. கோத்தகிரிப் பக்கம் ஏதோ ஒரு ஹட்டி கிராமத்துல இருந்து வர்ற படகர், அம்பது வயசு இருக்கும், கழுத்துல மஃப்ளர், பல்லு ஒண்ணு இல்ல, நல்ல மனுஷன், பெல்ட் போட்டுட்டீங்களாம்மான்னு ரெண்டு தடவ கேட்டவரு. "அது சும்மாங்கம்மா. காலைல குளிருக்குக் கொஞ்சம் அடம் புடிக்கும். ஒரு செகண்டு ஸ்டியரிங் கல்லாட்டம் ஆகும், அப்பறம் தானா எளகிரும். வண்டி சூடாச்சுன்னா ஒண்ணும் இருக்காது." தணிகை தலையத் திருப்பாமலே, "நமக்கே குளிர்ல முட்டி பிடிச்சுக்குதே, அதுக்கு இருக்காதா?"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. குளிர்ல அடம், சூட்டுல சரி. ஐயோ. இத நான் கிளாஸ் எடுத்திருக்கேன். புதுசா வேலைக்குச் சேந்த பொண்ணுங்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கேன். "எத்தன நாளா அண்ணா இப்படி?" "ரெண்டு மாசம் இருக்கும்மா. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா, இப்ப தெனமும் ஒருக்கா." "தெனமும் எறங்குவீங்களா?" "பின்ன? வர்ற தை வந்தா மூணு வருசம். தெனம் கீழ போயி மேல வர்றது ஒரு நடை. ஆயிரம் நடை ஆயிருச்சுங்க, ஒரு கீறல் இல்ல!" பெருமையா ஸ்டியரிங்கத் தட்டினாரு, மாட்டத் தட்டிக் குடுக்கிற மாதிரி. தட்டாதீங்கண்ணா. சாமி, தட்டாதீங்க. ஆயிரம். எங்க சோதனையிலயும் ஆயிரம்தான்.

ஆயிரம் தடவ சூடு, ஆயிரம் தடவ குளிர். போர்டு சூட்டுல ஒரு அளவுக்கு விரியும், அதுமேல உக்காந்திருக்கிற சில்லு வேற அளவுக்கு விரியும், ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இழுபடுறது ரெண்டையும் பத்தவெச்சு ஒட்டியிருக்கிற, கடுகவிடச் சின்ன சால்டர் பொட்டு. கொஞ்சம் வெள்ளி, துளி செம்பு, மிச்சமெல்லாம் வெள்ளீயம். சூட்டுல ஒரு பக்கம் இழுக்கும், குளிர்ல மறுபக்கம் இழுக்கும். ஒரு தடவ இழுத்தா ஒண்ணும் ஆகாது, நூறு தடவைக்கும் ஒண்ணும் ஆகாது. ஊக்க முன்னயும் பின்னயும் வளைச்சு ஒடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், ஒடியுற வரைக்கும் அது நல்லாத்தான் இருக்கும். உள்ள மயிரிழையா ஒரு வெடிப்பு விடும். சூடா இருக்கிறப்ப ரெண்டு உதடும் ஒட்டிக்கும், கரண்டு போகும், ஒண்ணும் தெரியாது. குளிர்ல சுருங்கி வாயப் பொளக்கும். ஒரு செகண்டு கரண்டு நிக்கும், மஞ்ச லைட்டு எரியும், ஸ்டியரிங் கல்லாகும். வாரத்துக்கு ஒருக்கா, அப்பறம் தெனம் ஒருக்கா, அப்பறம் ஒட்டவே ஒட்டாது. அது என்னிக்குன்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்கு இருக்காது. ஏன் இருக்காது? இன்னிக்குன்னா இன்னிக்குத்தான். முந்தாநாள் புல்லு மேல வெள்ளையா உறைபனி விழுந்துச்சுன்னு லாட்ஜ்ல சொன்னாங்க, ராத்திரி பூரா கார் வெளியதான் நின்னுருக்கு. எங்க சோதனைப் பெட்டியில மைனஸ் நாப்பதுல இருந்து நூத்தி இருவத்தஞ்சு வரைக்கும் போவோம், இந்த மலை அதுல பாதிகூட இல்லதான். ஆனா பெட்டியில நிக்கவெச்சது கால்மணி. இங்க ராத்திரி முழுக்க நிக்குது. நிக்கிறதுலதான்டி எல்லாமே இருக்கு. இழுத்த உடனே ஒண்ணும் ஆகுறதில்ல, இழுத்த நிலையில நிறுத்தி வெச்சா அந்த சால்டர் மெதுவா நகந்து நகந்து விட்டுக் குடுக்கும், அப்பத்தான் அதுக்கு வயசாகுது. அதனாலதான் சோதனை விதியில அரைமணின்னு எழுதி வெச்சிருந்தாங்க. அரைமணி சூட்டுல, அரைமணி குளிர்ல. எந்த மகராசனோ யோசிச்சு எழுதி வெச்சத நான் கால்மணி ஆக்குனேன்.

நான் ஆக்கலை, எங்க மேனேஜர் சேதுமாதவன் சார் ஆக்கச் சொன்னாரு. ஆஹா, சாரு சொன்னாராம். டைமரத் திருப்புனது யாரு கை? நாலு வருஷத்துக்கு முந்தி, ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கு. பெட்டியில ஐநூத்தம்பது சுத்து முடிஞ்சுது, இன்னும் நானூத்தம்பது பாக்கி. சுத்துக்கு ஒரு மணி நேரம்னா பத்தொம்பது நாள் வேணும். பூஜையன்னிக்கு எங்க கம்பெனியில ஒரு மிஷின் ஓடக் கூடாது. ஓடவே கூடாது, பெரிய மொதலாளி காலத்துல இருந்து வழக்கம், எல்லாத்தையும் நிறுத்தி, தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, விஜயதசமிக்குத்தான் மறுபடி சுவிட்சு போடணும். நடுவுல நிறுத்தினா ரிப்போர்ட்ல எழுதணும், எழுதினா கார் கம்பெனிக்காரங்க ஏன் நின்னுச்சுன்னு கேப்பாங்க, பூஜைன்னா சிரிப்பாங்க, மொதல்ல இருந்து ஓட்டுன்னாலும் சொல்வாங்க. ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சுது. பூஜைக்காக ரெண்டு நாள் நிறுத்தப்பட்டதுன்னு ஒரே வரி! அதுக்கு வெக்கப்பட்டோம். "நித்யகல்யாணி, பூஜைக்குள்ள ஆயிரத்தத் தொட்டுரணும். நிக்கிற நேரத்தப் பாதியாக்கிரு. சூட்டுக்கும் போகுது, குளிருக்கும் போகுது, எண்ணிக்கை எண்ணிக்கைதான?"ன்னாரு சாரு. எண்ணிக்கை எண்ணிக்கைதான். எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு, அன்னிக்கு. பொய். படல. அன்னிக்கே படல. மூணாம் நாள் குளிர் முடியுற நேரத்துல பெட்டியத் தெறந்தேன், ஒரு ஒயர் லூசா இருக்கான்னு பாக்க. மீட்டர்ல மைனஸ் நாப்பது காட்டுது. உறை போட்ட கை, ஆனா கட்டைவிரல் கிட்ட உறை கிழிஞ்சிருந்துச்சு, விரல் போர்ட மூடுன அலுமினியக் கூட்டு மேல பட்டுருச்சு. மைனஸ் நாப்பதுன்னா தோலு உரிஞ்சு வந்திருக்கணும். ஒண்ணும் ஆகல. ஃபிரிட்ஜுல இருந்து எடுத்த தயிர்க்கிண்ணம் மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். காத்துதான் மைனஸ் நாப்பது. மீட்டரோட முனை ஃபேனுக்குப் பக்கத்துல காத்துல தொங்குது, கூடு இன்னும் குளிரவே இல்ல, உள்ள போர்டு எங்க குளிரும்? கதவச் சாத்துனேன். அப்பறம் போய் டீ குடிச்சேன். ஆயிரம் முடிஞ்சுது, ஒரு பொட்டுகூட வெடிக்கல, எப்படி வெடிக்கும், அதுக்கு களைச்சுப் போறதுக்கே நேரம் குடுக்கலியே. ரிப்போர்ட்ல அரைமணின்னே எழுதி, கீழ கையெழுத்து. பெட்டிக் கதவுல மூணு பட்டை சந்தனம், நடுவுல குங்குமம், நான்தான் வெச்சேன், நல்லாக் கும்பிட்டேன் வேற. பொரிகடலை குடுத்தாங்க. மகிக்கு அப்ப மூணு வயசு, அவளுக்குன்னு ஒரு பொட்டலம் கொண்டு வந்தேன்.

கொண்டை ஊசி வளைவு. மஞ்சப் பலகை. போஜன் அண்ணன் ஹாரன் அடிச்சு, கீழ இருந்து வர்ற லாரிக்கு ஒதுங்கி, சுத்துறாரு, சுத்துறாரு, ரெண்டு கையாலயும் சுத்துங்கண்ணா, ஏன் ஒத்தக் கை, அந்தக் கைக்கு என்ன மஃப்ளர சரி பண்றதா முக்கியம்? திரும்பிருச்சு. மூச்சு விட்டேன். சுவத்துல குரங்கு ஒண்ணு குட்டிய வயித்துல ஒட்ட வெச்சுட்டு எங்களையே பாக்குது. பள்ளம் என் பக்கம். மரத்து உச்சியெல்லாம் கால் மட்டத்துல தெரியுது, அதுக்குக் கீழ வெறும் வெள்ளை. தெனம் காலைல பேப்பர்ல மொத தேடுறது அந்த வரியத்தான், 'கட்டுப்பாட்டை இழந்த கார்'. எங்க ஆபீஸ்ல எல்லாரும் ராசிபலன் பாப்பாங்க, நான் இதப் பாப்பேன். கட்டுப்பாட்டை இழந்து பாலத்தில் மோதி, கட்டுப்பாட்டை இழந்து கிணற்றில். ஃபோட்டோவுல நொறுங்கிக் கெடக்கிற கார்ல பின் லைட்டு எப்படி இருக்குன்னு பாப்பேன். இந்த மாடலுக்கு வளைவா இருக்கும், நீளமா இருந்தா வேற கார், அப்பாடா. செத்தவங்களுக்காக இல்ல, அவங்க வேற கார்ல செத்தாங்கன்னு அப்பாடா. நான் என்ன ஜென்மம்? ஒருதடவ பின் லைட்டு வளைவா இருந்துச்சு. தாராபுரம் ரோட்ல. ரெண்டு நாள் சோறு எறங்கல. டிரைவர் தூங்கிட்டாருன்னு மூணாம் நாள் போட்டிருந்தாங்க, அன்னிக்கு பிரியாணி வாங்கிட்டு வரச் சொன்னேன். மறுபடி சோதனை பண்ணணும்னு ஒரு மெயில் எழுதினேன், எழுதி வெச்சேன், ஆறு மாசம் அப்படியே கெடந்துச்சு, அப்பறம் அழிச்சேன். யாருக்கு அனுப்ப? அனுப்பினா மொத கேள்வி, நாலு வருஷம் ஏம்மா சும்மா இருந்த? இந்தக் கேள்விக்குத்தான் பயம். வேலை போறதுகூட அப்பறம். போலீசு, கோர்ட்டு, தணிகை என் மொகத்தப் பாக்கிற பார்வை. இவரு சொந்தக்காரங்க வந்தா, நித்யா ஓகே சொன்னாத்தான் கார் ரோட்டுக்கே வரும்னு பீத்திக்குவாரு. எத்தன கார்? நாப்பதாயிரம் போர்டு போயிருக்கு. நாப்பதாயிரம்னு சொல்றப்ப ஒண்ணும் தோணல பாரு, இதோ இந்த ஒண்ணுல என் புள்ள தூங்குறா, இப்பத்தான் உறைக்குது. த்தூ.

அடுத்த வளைவுல அது நடந்துச்சு. பாதி சுத்துறப்ப போஜன் அண்ணனோட தோள் ரெண்டும் மேல தூக்குச்சு, ஸ்டியரிங் மேல சாஞ்சு தள்ளுறாரு, மஞ்ச லைட்டு எரியுது, அணையல, எரியுது, காரோட மூக்கு சுவத்தப் பாத்துப் போகுது, சுவத்துக்கு அக்கட்ட ஒண்ணுமில்ல. மகியோட தலையக் கவுந்து மூடிக்கிட்டேன், என் முதுகு மேல எல்லாம் விழட்டும்னு. ஸ்டியரிங் மோட்டார்ல 'ஹம்'னு ஒரு முனகல், டயர் கீறுது, திரும்பிருச்சு. லைட்டு அணைஞ்சுது. "ஹப்பா, இன்னிக்கு ஓவரா அடம் புடிக்குது!" போஜன் அண்ணன் சிரிக்கிறாரு. தணிகைகூட கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சிருந்தவரு, விட்டுட்டு, "சர்வீஸ் விட்ருங்க அண்ணா"ன்னாரு, அவ்வளவுதான், மறுபடி ஃபோனு. இப்ப சொல்லு. சொல்லுடி. நாக்கு மேல வந்து நிக்குது. அதுக்கு முந்தி வேற ஒண்ணு வந்துச்சு. "நிறுத்துங்க, வாந்தி வருது." பொய்யாத்தான் சொன்னேன், சொன்ன உடனே நெசமாவே வந்துருச்சு. பர்லியார் டீக்கடை வாசல்ல நிறுத்தினாரு. குனிஞ்சு எடுத்தேன், பித்தம் பித்தமா. போஜன் அண்ணன் ஓடிப் போயி சோடாவும் எலுமிச்சையும் வாங்கிட்டு வந்து, "மோந்து பாருங்கம்மா, சரியாயிரும்"ங்கிறாரு. அவரு மொகத்தப் பாக்க முடியல. மகிய எறக்கினேன், பைய எறக்கினேன். "நான் இந்த வண்டியில வரல. பஸ்ல போவோம்." தணிகைக்கு எரிச்சல். "பஸ்ல மட்டும் வாந்தி வராதா? உனக்கென்ன கிறுக்கா?" "ஜன்னல் காத்து வேணும். என்னால முடியாது. சொன்னா கேளுங்க." என் மொகத்துல எதையோ பாத்திருக்கணும், "சரி விடு தாயே"ன்னுட்டாரு. அவ்வளவுதான். முடிஞ்சுது. கால் தரையில இருக்கு. பாக்கு மரம், டீ வாசம், பஸ்ஸுக்கு நிக்கிற சனம், மகி கண்ணக் கசக்கிட்டு வர்க்கி கேக்குறா. என் புள்ள தப்பிச்சா. போஜன் அண்ணன் காலி வண்டிய மெதுவா ஓட்டிட்டுப் போயிருவாரு, இன்னும் கொஞ்ச தூரந்தான், கீழ போகப் போகச் சூடு, சூடானா ஒட்டிக்கும், அவரே சொன்னாரே. கீழ போயி ஃபோன் பண்ணி சொல்லிக்கலாம். கண்டிப்பா பண்ணுவேன். மெயிலயும் இன்னிக்கே அனுப்பிருவேன். நெஞ்சு லேசாச்சு. இப்படித்தான்டி அன்னிக்கு டீ குடிக்கிறப்பவும் லேசாச்சு.

திரும்பிப் பாத்தா தணிகை யாரோடவோ பேசிட்டு இருக்காரு. ஒரு பெரியவரு, ஒத்தக் கண்ணுல பச்சைத் துணி கட்டியிருக்கு, கூட அவரு சம்சாரம், கையில ஒரு கட்டைப்பை. கோயமுத்தூருக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறாங்களாம், போன பஸ்ஸுல ஏற எடமில்லையாம். "சும்மாதான போகுது வண்டி, மேட்டுப்பாளையம் வரைக்கும் ஏறிக்கங்க"ன்னு என் புருஷன், ஊருக்கெல்லாம் நல்லவரு, கதவத் தெறந்து விட்டுட்டு நிக்கிறாரு. போஜன் அண்ணனும் தலையாட்டுறாரு. அந்தம்மா, "நல்லா இருப்பீங்க சாமி"ன்னுட்டே ஏறுது, சேலைக் கொசுவத்தப் பிடிச்சுக்கிட்டு, என் எடத்துல, மகி படுத்திருந்த எடத்துல. பெரியவருக்கு வாசல் தெரியல, தணிகை தலைய அமுக்கி உள்ள விடுறாரு. கதவு சாத்துற சத்தம். நான் வாயத் தொடச்சுட்டு நிக்கிறேன். ஒண்ணும் ஆகாது. ஒரு செகண்டுதான். என்ன தெரியும் உனக்கு, ஆகாதுன்னு? யாரு இவங்க? யாரோ. நாப்பதாயிரத்துல யாரோ. எஞ்சின் ஓட ஆரம்பிச்சுது. கால் என்னக் கேக்காமலே போச்சு, கார் முன்னால போயி ரெண்டு கையையும் பானட்டு மேல வெச்சுட்டு நிக்கிறேன். சுடுது. "அண்ணா, வண்டிய எடுக்காதீங்க. அவங்கள எறக்குங்க. ஸ்டியரிங் போயிரும். அடுத்த வளைவுல போகலாம், நாளைக்குப் போகலாம், ஆனா போயிரும்." கடையில எல்லாரும் பாக்குறாங்க. "ஏய் நித்யா!"ன்னு தணிகை. போஜன் அண்ணன் கண்ணாடிய எறக்கித் தலைய நீட்டினாரு. கோவப்படல, ஒடம்பு சரியில்லாத பொம்பளைன்னு பொறுமையாப் பேசுறாரு. "பயந்துட்டீங்கம்மா. போன வாரந்தான் கம்பெனி சர்வீஸ்லயே காட்டினேன். கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தாங்க, ஒரு குறையும் இல்ல. இந்த வண்டில ஸ்டியரிங்கெல்லாம் ஆயிரம் தடவ சூட்டுலயும் பனியிலயும் போட்டுப் பாத்துத்தான் அனுப்புறாங்களாம், போயிட்டு வாங்கன்னாங்க. பெரிய பெரிய இன்ஜினியருங்க பாத்துக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. பாக்காம சும்மா போடுவாங்களாம்மா?"

"போடுவாங்க அண்ணா"ன்னேன். "நான்தான் போட்டேன்."

போஜன் அண்ணன் என்னையே பாத்தாரு. தணிகை, "என்ன பேசுற நீ?"ன்னு கேட்டது எங்கயோ கேட்டுச்சு. பானட்டுல இருந்து நான் கைய எடுக்கல. அண்ணன் மெதுவாச் சாவியத் திருப்பி எஞ்சின நிறுத்தினாரு, எறங்கினாரு, பின்கதவத் தெறந்து அந்தப் பெரியவரோட கையப் பிடிச்சாரு. "எறங்குங்க ஐயா"ன்னாரு. அப்பறம் திரும்பாமலே, ரொம்பத் தணிஞ்ச குரல்ல என்னக் கேட்டாரு, "எம் பையனும் இதே வண்டிதான் ஓட்டுறான். இந்நேரம் மலையில எறங்கிட்டு இருப்பான். அவனுக்கு நான் என்னம்மா சொல்லட்டும்?"